மரம் அறிந்த கை

நுழையும்முன்

வீட்டிலுள்ள நாற்காலியும் கட்டிலும் மேசையும் யாரோ ஒருவருடைய கையில் உருவானவை. அந்தக் கையின் அறிவு ஏட்டில் எழுதப்பட்டது குறைவு. கண்பார்த்துக் கைபழகித் தலைமுறைகளைக் கடந்து வந்ததே மிகுதி. இன்று தச்சுத் தொழில் சாராத பலரும் ஓய்வு நேரத்தில் தமக்கு வேண்டிய அறைகலன்களைத் தாமே செய்துகொள்கின்றனர். ஒரு முக்காலியைச் செய்து முடிப்பவர் மரத்தைப் பற்றியும் காட்டைப் பற்றியும் உழைப்பைப் பற்றியும் எவற்றைக் கற்கிறார் என்பதை இப்பாடம் விளக்குகிறது.

மலையடிவாரத்து ஊர்

இராசபாளையத்திலிருந்து தென்காசிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ள ஊர் சேத்தூர். மேற்கே மலைக்காடு, அதன் அடியில் மாந்தோப்பும் தென்னந்தோப்பும், கிழக்கே பனைகள் நிற்கும் சமவெளி. வடக்கே உள்ள திருவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் திருவிழாவில் ஓடும் ஆண்டாள் கோவில் தேர், மரத்தில் தச்சர் காட்டிய திறத்துக்குச் சான்றாக நிற்கிறது. மரத்தோடு வாழ்ந்த நிலம் இது.

இத்தகைய ஊர்களின் பழைய வீடுகளில் அறைகலன்கள் மிகுதியாக இருந்ததில்லை. உட்கார மணை, உயரத்தில் உள்ளதை எடுக்க முக்காலி, கூடத்தில் ஊஞ்சல், குழந்தைக்குத் தொட்டில், அது நடை பழக நடைவண்டி, அடுக்களையில் அஞ்சறைப்பெட்டி என விரல்விட்டு எண்ணத்தக்க பொருள்களே இருந்தன. ஆயினும் ஒவ்வொன்றும் பயன்படுவோரின் உயரமும் இடத்தின் அளவும் அறிந்து செய்யப்பட்டது, பழுதுற்றால் செப்பனிடத்தக்கது. மரத்தூளைப் பசையுடன் சேர்த்து அழுத்திச் செய்த பலகைகளால் ஆன இன்றைய மலிவான அறைகலன்கள் பல, நீர்பட்டால் உப்பிவிடுகின்றன. திருகாணி ஒருமுறை கழன்றால் அதே துளையில் மீண்டும் இறுகுவதில்லை. செப்பனிட முடியாத பொருள் விரைவில் குப்பையாகிறது. வீட்டிலேயே அறைகலன் செய்யும் முயற்சி மீண்டும் தழைப்பதற்கு இது ஒரு காரணமாகும்.

இலக்கியம் கண்ட தச்சு

மரத்தின் இயல்பைத் தமிழர் நுணுகி அறிந்திருந்தனர். தாவரங்களை அகக்காழ் உடையன, புறக்காழ் உடையன எனத் தொல்காப்பிய மரபியல் பகுக்கிறது. காழ் என்பது வைரம். வேம்பும் தேக்கும் உள்ளே வைரம் பாய்ந்தவை. பனையும் தென்னையும் புறத்தே வைரம் கொண்டவை. இஃது இலக்கண நூலின் பகுப்பு மட்டுமன்று; உளி பிடிப்பவர் முதலில் அறியவேண்டிய செய்தியும் ஆகும். வேப்பங்கட்டையில் நடுப்பகுதியைத் தேர்ந்து, புறத்தேயுள்ள வெளிற்றைக் கழிக்க வேண்டும். தென்னங்கட்டையிலோ புறப்பகுதியைக் கொண்டு, சோறு போன்ற நடுப்பகுதியைக் கழிக்க வேண்டும். இம்முறையை மாற்றிச் செய்தால் இரண்டும் பயன்படா.

புறநானூற்றில் ஔவையார், அதியமானின் வலிமைக்கு ஒரு தேர்ச்சக்கரத்தை உவமையாக்குகிறார். ஒரே நாளில் எட்டுத் தேர் செய்யவல்ல தச்சன், ஒரு திங்கள் முழுதும் முயன்று செய்த ஒற்றைச் சக்கரம் அது. விரைந்து செய்யும் ஆற்றல் உடையவன் விரையாமல் செய்தது என்பதே உவமையின் உயிர். தச்சன் செய்த சிறுதேரைச் சிறுவர் கையால் இழுத்து மகிழும் காட்சியைக் குறுந்தொகைப் பாடல் ஒன்று காட்டுகிறது. போருக்குரிய தேரும் குழந்தைக்குரிய தேரும் ஒரே தொழிலின் இரு பயன்களாக விளங்கின.

வெட்டிய பின்னும் அசையும் மரம்

சேத்தூரில் ஐப்பசி, கார்த்திகை மாத அடைமழையில் மரக்கதவு நிலையோடு இறுகிக்கொள்ளும்; பங்குனி வெயிலில் அதே கதவு எளிதாகத் திறக்கும். வெட்டப்பட்டுப் பல ஆண்டுகள் கடந்த மரமும் காற்றின் ஈரத்தை ஏற்றும் இழந்தும் அசைந்துகொண்டே இருக்கிறது என்பதற்கு இதுவே சான்று.

புதிதாக வெட்டிய மரத்தில் நீர் இருவகையாகத் தங்கியுள்ளது. உயிரணுக்களின் உட்குழிவில் நிற்கும் நீர் ஒருவகை. அணுச்சுவரில் ஊறியுள்ள நீர் மற்றொரு வகை. மரம் உலரும்போது உட்குழிவு நீர் முதலில் வெளியேறும். அதனால் எடை குறையுமேயன்றி அளவு குறையாது. ஈரப்பதம், உலர்ந்த கட்டையின் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காட்டிற்குக் கீழ் இறங்கியதும் அணுச்சுவர் நீர் வெளியேறத் தொடங்கும். அப்போதுதான் மரம் சுருங்கும்.

அச்சுருக்கம் எல்லாத் திசையிலும் ஒன்றுபோல் நிகழ்வதில்லை. மரத்தின் நெடுக்குவாட்டில் சுருக்கம் இல்லையென்றே கூறலாம். குறுக்குவாட்டில் அது மிகுதி. அதிலும், ஆண்டு வளையங்களைத் தழுவிச் செல்லும் திசையில் ஏற்படும் சுருக்கம், மையத்திலிருந்து பட்டையை நோக்கிச் செல்லும் திசையில் ஏற்படும் சுருக்கத்தைப் போல ஏறத்தாழ இருமடங்காகும். பலகை வளைவதும் முறுகுவதும் வெடிப்பதும் இவ்வேறுபாட்டால் விளைபவை. எனவேதான் அறுத்த பலகைகளை நிழலில், இடையிடையே சிறு சட்டங்களை வைத்து அடுக்கி, காற்றில் உலரவிடுகின்றனர். ஓர் அங்குலத் தடிமனுக்கு ஏறத்தாழ ஓர் ஆண்டு என்பது தச்சர் பொதுவாகக் கொள்ளும் கணக்கு.

பழைய வீட்டுக் கதவொன்றை உற்றுநோக்கினால் இவ்வறிவின் பயன் விளங்கும். நான்கு சட்டங்கள் தம்முள் இறுகப் பொருத்தப்பட்டிருக்கும். நடுவிலுள்ள பலகையோ சட்டத்தின் உட்புறத்தில் வெட்டிய பள்ளத்தினுள் பசையின்றி, ஆணியின்றித் தளர்வாக நிற்கும். மழையில் பலகை விரியவும் வெயிலில் சுருங்கவும் அப்பள்ளம் இடம்தருகிறது. பலகையை அசையவிடாமல் ஆணியடித்துக் கட்டியிருந்தால் அது என்றோ வெடித்திருக்கும். மரத்தை அடக்க முயலாமல் அதன் அசைவுக்கு இடம்விட்டுக் கட்டுவதே தச்சின் முதல் நெறி.

எந்த மரம், எங்கிருந்து?

தேக்கு உழைக்கும், அதிகம் சுருங்காது, அதிலுள்ள எண்ணெய்ப் பொருள்கள் கரையானை அண்டவிடா. ஆனால் விலை மிகுதி. கற்கத் தொடங்குபவர் தேக்கில் தொடங்க வேண்டியதில்லை. வேம்பு, பூவரசு, வாகை, மா ஆகியவை ஊர்ப்புறத்தில் கிடைப்பவை. பூவரசு உறுதியும் நெகிழ்வும் உடையது. வேம்பின் கசப்புப் பூச்சிகளைத் தடுக்கும். மா இழைப்பதற்கு எளிது. ஆயினும் பூச்சி அரிப்புக்கு உள்ளாகும். காய்ப்பு ஓய்ந்த தோப்பு மரமொன்று விறகாகாமல் பலகையானால் இன்னும் பல ஆண்டுகள் வீட்டில் வாழும்.

மரம் எங்கிருந்து வருகிறது என்னும் வினா சேத்தூர்ப் பகுதியில் தனிப் பொருள் உடையது. அருகிலுள்ள மலைக்காடு, சாம்பல்நிற அணிலுக்காக 1988இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2021இல் திருவில்லிபுத்தூர் – மேகமலைப் புலிகள் காப்பகத்தின் பகுதியாயிற்று. இவ்வணில் பெரும்பாலும் தரையில் இறங்குவதில்லை. மரத்திற்கு மரம் தாவியே வாழ்கிறது. கிளைகள் ஒன்றோடொன்று தொட்டு நிற்பதே அதற்குப் பாதை. இடையில் ஒரு பெருமரம் வீழ்ந்தால் அப்பாதை அறுபடுகிறது. காப்புக்காட்டில் மரம் வெட்டுவது குற்றம்; சந்தனம் போன்ற மரங்களைச் சொந்த நிலத்திலும் விருப்பம்போல் வெட்ட இயலாது. ஆகவே, விற்பவரிடம் மரத்தின் வரவைக் கேட்டறிந்து, உரிய சீட்டுடன் வாங்குவது வீட்டுத் தச்சரின் கடமை.

இவற்றினும் சிறந்த வழி, முன்பே பயன்பட்ட மரத்தைக் கொள்வது. இடிக்கப்படும் ஓட்டுவீடுகளின் உத்திரம், நிலை, சன்னல் சட்டம் ஆகியவை பல்லாண்டுகள் உலர்ந்தவை. இனி அதிகம் சுருங்குவதற்கு இடமில்லாதவை. உள்ளே புதைந்திருக்கும் பழைய ஆணிகளை ஒன்றுவிடாமல் பிடுங்கிய பின்னரே அவற்றில் வாளையோ இழைப்புளியையோ வைக்க வேண்டும். சரக்குகளை அடுக்கப் பயன்படும் மரத்தட்டுகளையும் பிரித்துப் பயன்படுத்தலாம். பன்னாட்டு வணிகத்தில் வரும் தட்டுகளில் பூச்சியொழிப்பு முறையைக் குறிக்கும் முத்திரை இருக்கும். ‘எச்.டி.’ என்பது வெப்பமூட்டியதையும், ‘எம்.பி.’ என்பது மெத்தில் புரோமைடு என்னும் நச்சுவளி செலுத்தியதையும் குறிக்கும். பின்னதைத் தவிர்க்க வேண்டும்.

தெரிந்து தெளிவோம்

மரம் கன அடிக் கணக்கில் விற்கப்படுகிறது. 6 அடி நீளம், 6 அங்குல அகலம், 1 அங்குலத் தடிமன் உள்ள பலகையின் பருமனைக் காண, எல்லா அளவுகளையும் அடியாக மாற்றிப் பெருக்க வேண்டும். 6 × 1/2 × 1/12 = 1/4 கன அடி. தச்சர் வழக்கில் ஓர் அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கு ‘ஒரு நூல்’ எனப்படும்.

கருவியும் கையும்

வீட்டுத் தச்சுக்கு முதலில் வேண்டுவன சிலவே. அளக்க அளவுநாடா, செங்கோணம் காண மூலைமட்டம், அறுக்கக் கைவாள், செதுக்க இரண்டு மூன்று அளவுகளில் உளி, உளியைத் தட்டக் கொட்டாப்புளி, பரப்பைச் சமனாக்க இழைப்புளி, துளையிடத் துரப்பணம், கூர்தீட்டச் சாணைக்கல். கருவிகளின் எண்ணிக்கையைவிட அவற்றின் கூர்மையே வேலையைத் தீர்மானிக்கும். மழுங்கிய உளியை மிகுந்த விசையுடன் தள்ள வேண்டியிருப்பதால் அது வழுக்கிக் கையைப் பதம்பார்க்கும். கூரிய உளி குறைந்த விசையில் கருதிய இடத்தில் நிற்கும்.

இழைப்புளியை எத்திசையில் தள்ளுவது என்பதும் கற்கவேண்டியதே. மரத்தின் நார்கள் பலகையின் பரப்பை நோக்கி ஏறிவரும் திசையில் இழைத்தால் சீவல் சுருள்சுருளாக விழும், பரப்பு வழவழப்பாகும். எதிர்த்திசையில் இழைத்தால் உளியின் வாய் நார்களின் அடியில் புகுந்து அவற்றைப் பெயர்க்கும். பரப்பில் குழிகள் தோன்றும். தடவிப் பார்த்தும், சீவலின் ஓசை கேட்டும் கை இத்திசையை அறியத் தொடங்குகிறது. எழுத்தால் முழுமையாகக் கற்பிக்க இயலாத அறிவு இது.

பாதுகாப்பும் தச்சின் ஒரு பகுதியே. உளியின் முன்னே கையை வைத்தல் ஆகாது. மின்வாள், மின்துரப்பணம் ஆகியவற்றைப் பழகியவர் துணையின்றித் தொடுதல் கூடாது. மரத்தூள், மனிதர்க்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களுள் ஒன்றெனப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை வகைப்படுத்தியுள்ளது. ஆதலால் தேய்க்கும்போதும் அறுக்கும்போதும் முகக்கவசமும் கண்ணாடியும் அணிந்து, காற்றோட்டமான இடத்தில் வேலை செய்ய வேண்டும்.

ஒரு முக்காலி உருவாதல்

நான்கு கால் உடையது நாற்காலி. மூன்று கால் உடையது முக்காலி. கற்கத் தொடங்குபவர்க்கு முக்காலி ஏற்றதாக இருப்பதற்கு ஒரு வடிவியல் காரணம் உண்டு. ஒரே கோட்டில் அமையாத மூன்று புள்ளிகளின் வழியே ஒரே ஒரு தளம்தான் செல்லும். எனவே, தரை மேடுபள்ளமாக இருந்தாலும், கால்களின் நீளத்தில் ஒரு நூல் வேறுபாடு இருந்தாலும் முக்காலி ஆடாது. நாற்காலியில் அத்தகைய பிழை உடனே தெரிந்துவிடும். ஆயினும் இரு கால்களுக்கு இடைப்பட்ட பக்கத்தில் உடலின் எடை சாய்ந்தால் முக்காலி எளிதில் கவிழும். அதனைத் தடுக்கவே கால்களை வெளிப்புறமாகச் சாய்த்துப் பொருத்துவர்.

முதலில் 12 அங்குல விட்டமும் ஒன்றரை அங்குலத் தடிமனும் உள்ள வட்டப்பலகை அறுக்கப்படுகிறது. அதன் அடிப்புறத்தில் கால்களுக்குரிய இடங்களைக் குறிக்கச் சிறிய வட்டமொன்று வரையப்படுகிறது. கவராயத்தின் அளவை மாற்றாமல் அவ்வட்டத்தின் சுற்றில் அடியெடுத்து வைத்தால் சரியாக ஆறு புள்ளிகள் கிடைக்கும். ஒன்றுவிட்டு ஒன்றாக மூன்றைக் கொண்டால் அவை 120 பாகை இடைவெளியில் அமையும். கணித வகுப்பில் கற்ற அறுகோணம் இங்கே கைக்கு வந்துவிடுகிறது.

அடுத்து, கால்களுக்குரிய கட்டைகள். வாளால் அறுப்பதைவிட நார் ஓடும் வழியே பிளந்து எடுத்த கட்டை உறுதியானது. அதில் நார்கள் நுனிமுதல் அடிவரை அறுபடாமல் ஓடுகின்றன. கட்டையின் மேல்முனை உருளையாகச் செதுக்கப்படுகிறது. இதுவே கழுந்து. பலகையில் அதற்கேற்ற துளை சாய்வாக இடப்படுகிறது. துளையும் கழுந்தும் தளர்ந்தும் இருத்தல் ஆகாது. பலகையைப் பிளக்கும் அளவுக்கு இறுகியும் இருத்தல் ஆகாது. கையால் அழுத்தப் பாதிவரை சென்று, கொட்டாப்புளியால் தட்ட முழுதும் இறங்குவதே சரியான பொருத்தம்.

இங்கே மரத்தின் இயல்பு மீண்டும் துணைக்கு வருகிறது. கால்கட்டை நன்கு உலர்ந்திருக்க வேண்டும். பலகையில் அதனைவிடச் சிறிது ஈரம் இருக்கலாம். பொருத்திய பின் பலகை உலர்ந்து சுருங்கும். கழுந்து ஈரத்தை ஏற்றுப் பருக்கும். இரண்டும் சேர்ந்து பிடிப்பை இறுக்கும். பின்னர் கழுந்தின் தலையில் ஒரு பிளவிட்டு அதில் மர ஆப்பு அடிக்கப்படுகிறது. அந்த ஆப்பின் தட்டையான பக்கம், பலகையின் நார் ஓடும் திசைக்குக் குறுக்காக அமைய வேண்டும். நாரோடு இணைந்து அமைந்தால், விரியும் கழுந்து பலகையை அதன் நார்வழியே இரண்டாகப் பிளந்துவிடும். ஓர் ஆப்பைத் திருப்பி வைப்பதில் முக்காலியின் வாழ்நாள் அடங்கியிருக்கிறது.

இறுதியாக, உப்புத்தாளால் நார் ஓடும் திசையிலேயே தேய்த்து, ஆளிவிதை எண்ணெயோ தேன்மெழுகோ அரக்கு மெருகோ பூசப்படுகிறது. ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி எறிதல் கூடாது. அவ்வெண்ணெய் காற்றோடு வினைபுரிந்து வெப்பம் உண்டாக்குவதால் சுருட்டிய துணி தானே தீப்பற்றக்கூடும். அதனை விரித்துப் போட்டு முழுதும் உலரவிட வேண்டும்.

புதுச்சேரியில் தொடங்கிய கைவழி

கல்வியறிவும் கைத்தொழிலறிவும் ஒருவரிடம் கூடியதற்குத் தமிழ் மண்ணோடு தொடர்புடைய சான்று ஜார்ஜ் நகாஷிமா. சப்பானியப் பெற்றோர்க்கு 1905இல் அமெரிக்காவில் பிறந்த இவர், முதலில் காட்டியலும் பின்னர்க் கட்டடக்கலையும் கற்றவர். தோக்கியோவில் அந்தோனின் ரேமண்ட் என்னும் கட்டடக்கலைஞரிடம் பணியாற்றிய இவர், புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்திற்காக ரேமண்ட் வடிவமைத்த ‘கோல்கொண்ட்’ என்னும் விடுதியின் கட்டுமானத்தைக் கவனிக்க 1930களின் பிற்பகுதியில் புதுச்சேரிக்கு வந்தார். வெப்பமண்டலக் காற்றை அறைக்குள் தவழவிடும் வகையில் அமைந்த அக்கட்டடத்திற்கு வேண்டிய தேக்கு அறைகலன்களையும் அவர் வடிவமைத்தார். அரவிந்தர் அவருக்குச் சுந்தரானந்தா எனப் பெயரிட்டார்.

இரண்டாம் உலகப்போரின்போது சப்பானிய மரபினர் என்பதற்காகவே அமெரிக்க அரசு 1942இல் அவரைக் குடும்பத்துடன் ஐடகோ மாநில முகாம் ஒன்றில் அடைத்தது. அங்கே கெந்தாரோ ஹிகோகாவா என்னும் தச்சரும் அடைக்கப்பட்டிருந்தார். பட்டம் பெற்ற கட்டடக்கலைஞர் அந்தத் தச்சரிடம் மாணவரானார். கிடைத்த மரக்கழிவுகளைக் கொண்டே சப்பானியக் கைக்கருவிகளையும் பொருத்துமுறைகளையும் கற்றார். விடுதலைக்குப் பின் பென்சில்வேனியா மாநிலத்தில் பட்டறை அமைத்து, இருபதாம் நூற்றாண்டின் புகழ்பெற்ற அறைகலன் கலைஞர்களுள் ஒருவரானார். பலகையிலுள்ள வெடிப்பை அவர் மறைக்கவில்லை. வண்ணத்துப்பூச்சி வடிவ மரத்துண்டைக் குறுக்கே பதித்து, வெடிப்பு மேலும் விரியாமல் நிறுத்தி, அதனைக் கண்ணுக்குத் தெரியும்படி விட்டார். வீழ்ந்த மரத்திற்கு இரண்டாம் வாழ்வு தருவதே தம் பணி என்பது அவர் கொள்கை.

இத்தாலிய வடிவமைப்பாளர் என்சோ மாரி 1974இல் வேறொரு வழியைத் திறந்தார். எளிய பலகைகளையும் ஆணிகளையும் கொண்டு எவரும் தாமே செய்துகொள்ளத்தக்க மேசை, நாற்காலி, கட்டில் ஆகியவற்றின் வரைபடங்களை வெளியிட்டார். அனைவரும் தச்சராக வேண்டும் என்பது அவர் நோக்கமன்று. ஒரு நாற்காலியையேனும் தாமே செய்தவர், நல்ல பொருளையும் போலிப் பொருளையும் வேறுபடுத்தி அறிவார் என்பதே அவர் எதிர்பார்ப்பு.

பிறப்பா, விருப்பமா?

கைத்தொழிலைக் கல்வியோடு இணைக்கும் எண்ணம் புதியதன்று. 1870களில் சுவீடனில் ஓட்டோ சாலமன், மரவேலையைப் பொதுக்கல்வியின் பகுதியாகக் கற்பிக்க ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். தச்சரை உருவாக்குவது அதன் குறிக்கோள் அன்று. கண்ணையும் கையையும் கருத்தையும் ஒருங்கே பண்படுத்துவதே குறிக்கோள். இந்தியாவில் காந்தியடிகள் 1937ஆம் ஆண்டு வார்தா மாநாட்டில், கைத்தொழிலை நடுவாகக் கொண்ட ஆதாரக் கல்வியை முன்வைத்தார்.

ஆயினும் இந்தியச் சூழலில் இவ்வினா எளியதன்று. இங்கே தொழில் பிறப்போடு பிணைக்கப்பட்டிருந்தது. உளி பிடித்த கைக்கு ஏடு மறுக்கப்பட்டதும், ஏடு பிடித்த கை உளியை இழிவெனக் கருதியதும் இந்நாட்டின் வரலாறு. சென்னை மாநிலத்தில் 1953இல் கொண்டுவரப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டம், மாணவர் பாதி நேரம் பள்ளியில் கற்று, மீதி நேரம் பெற்றோரின் தொழிலைப் பழகுமாறு அமைந்தது. அது குலக்கல்வித் திட்டம் எனக் கடும் எதிர்ப்புக்கு உள்ளாயிற்று. 1954இல் முதலமைச்சரான காமராசரின் ஆட்சியில் அது கைவிடப்பட்டது. சேத்தூர் அமைந்துள்ள இதே மாவட்டத்தின் விருதுநகரில் பிறந்தவர் அவர்.

அவ்வெதிர்ப்பு கைத்தொழிலுக்கு எதிரானதன்று. தந்தையின் தொழிலே பிள்ளையின் எல்லை என்னும் கட்டாயத்திற்கு எதிரானது. இவ்வேறுபாட்டை உணர்தல் இன்றியமையாதது. தச்சரின் மகள் மருத்துவராவதும், கணக்கரின் மகன் விருப்பத்தால் உளி பிடிப்பதும் ஒரே விடுதலையின் இரு பக்கங்கள். விருப்பத்தால் மேற்கொள்ளும் வீட்டுத் தச்சு, தொழிலுக்கும் பிறப்புக்கும் இருந்த முடிச்சை அவிழ்க்கிறது.

விலையும் மதிப்பும்

வீட்டில் செய்யும் அறைகலன் கடையில் வாங்குவதைவிட எப்போதும் மலிவாக அமைவதில்லை. கருவிகளின் செலவும் வீணாகும் பலகையும் செலவிடும் நேரமும் கணக்கில் உண்டு. தொழில்முறைத் தச்சர் ஒரு நாளில் முடிப்பதை முடிக்கக் கற்பவருக்குப் பல வாரங்கள் ஆகலாம். ஆனால் அந்த வாரங்களில்தான் ஒன்று புலனாகிறது. தச்சர் கேட்கும் கூலியில் அவருடைய ஒருநாள் உழைப்பு மட்டும் இல்லை. அவர் கை பழகிய ஆண்டுகளும் அடங்கியுள்ளன. கழுந்து செதுக்கிப் பார்த்தவர் அக்கூலியில் பேரம் பேசத் தயங்குவார். வீட்டுத் தச்சர் தொழில்முறைத் தச்சருக்குப் போட்டியாளர் அல்லர். அவருடைய அருமையை அறிந்த சுவைஞர் ஆவார்.

மரத்தின் மீதான பார்வையும் மாறுகிறது. ஒரு பலகையை இழைக்கும்போது வெளிப்படும் வளையங்கள் ஒவ்வொன்றும் மழையும் வறட்சியும் கண்ட ஒரு பருவத்தின் பதிவு. அறுபது ஆண்டுகள் வளர்ந்த மரத்தை ஆறு ஆண்டுகளில் குப்பையாகும் பொருளாக்குவது முறையாகாது என்பது அப்போது தெளிவாகும். மரம் வளர எடுத்துக்கொண்ட காலத்திற்குக் குறையாமல் அதில் செய்த பொருளும் உழைக்க வேண்டும் என்பது தச்சருக்கும் காட்டுக்கும் இடையே உள்ள எழுதப்படாத ஒப்பந்தம். திருத்தமாகச் செய்த முக்காலி ஒன்று, பேரக்குழந்தை ஏறி நின்று பரணிலுள்ள பொருளை எடுக்கும் காலம் வரை ஆடாமல் நிற்கும்போது அவ்வொப்பந்தம் நிறைவேறுகிறது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டிலுள்ள பழைய மரக்கதவு அல்லது அறைகலன் ஒன்றை உற்றுநோக்கி, அதன் பொருத்துமுறையைப் படம் வரைந்து விளக்குக.
2. உங்கள் ஊரிலுள்ள தச்சர் ஒருவரைக் கண்டு, அவர் பயன்படுத்தும் கருவிகளின் பெயர்களையும் தொழிற்சொற்களையும் தொகுக்க.

மதிப்பீடு

குறுவினா
1. அகக்காழ், புறக்காழ் – எடுத்துக்காட்டுடன் விளக்குக.
2. முக்காலி ஆடாமல் நிற்பதற்குரிய காரணம் யாது?

சிறுவினா
1. பழைய கதவுகளில் நடுப்பலகை தளர்வாகப் பொருத்தப்படுவது ஏன்?
2. முக்காலியின் கழுந்தில் ஆப்பு அடிக்கும்போது கருத்தில் கொள்ள வேண்டியவற்றை எழுதுக.

நெடுவினா
‘கைத்தொழில் பிறப்பால் திணிக்கப்படுவதற்கும் விருப்பத்தால் கற்கப்படுவதற்கும் உள்ள வேறுபாடு’ – பாடப்பகுதி வழி நின்று விவரிக்க.